ஒட்டுத்துணிப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி, போடி, கம்பம், குமுளி, மூணாறு பக்கம் பொழுதுபோக்காகக் குவில்ட் (துண்டுகள் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என மூன்று அடுக்குப் போர்வை) தைப்பவர்களும், அதற்காகத் துணி தேடி ஊர் ஊராகப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் துணியும் பஞ்சும் நம் கடைகளில் இருப்பதில்லை. இங்கே கிடைப்பதன் குணம் வேறு. பெரும்பாலான போர்வைகள் கெட்டுப்போவது தையலால் அல்ல. கத்தரி வைப்பதற்கு முன்னால் துணியை நனைத்துப் பழக்காததால்தான்.

முதல் போர்வையை எந்த அளவில் தொடங்கலாம்? துணி எவ்வளவு வாங்க வேண்டும்?

குழந்தைப் போர்வையில் தொடங்குங்கள். 36 × 48 அங்குலம், தைத்த பிறகு 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் என்றால் 6 × 8 = 48 சதுரம். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும், நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஒரு வரிசைக்கு 6 சதுரம் வரும், ஆக 8 வரிசை, ஏறக்குறைய 1.35 மீட்டர். ஒன்றரை மீட்டராக எடுங்கள்.

ஒற்றைக் கட்டிலுக்கு 60 × 90. அதே சதுரத்தில் 150 வேண்டும், 25 வரிசை, 4.15 மீட்டர். சுருக்கத்துக்கும் தவறான வெட்டுக்கும் சேர்த்து 5 மீட்டர் கணக்கு வையுங்கள். பல நிறம் சேர்க்கும்போது மொத்தம் இதுவேதான், ஆனால் ஒரு நிறத்துக்கு அரை மீட்டருக்குக் குறைவாக வாங்கினால் கைத்தறித் துணியில் கரைக் கோணல் சரிசெய்யவே பாதி போய்விடும்.

அடித்துணிக்குப் புதுசு தேவையில்லை. ஐந்தரை மீட்டர் காட்டன் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 108 அங்குலம். நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் அகலம் 88, 90 வரும். 60 × 90 போர்வைக்குச் சுற்றிலும் 3 அங்குலம் கூடுதலாக 66 × 96 தேவை, தாராளமாகப் போதும். வெட்டுவதற்கு முன் சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் விழும் இடமும் கீழ்க்கரை ஓரமும்தான் முதலில் நைந்திருக்கும்.

கால் அங்குலத் தையல் கொஞ்சம் முன்னே பின்னே போனால் என்ன?

ஒன்றிரண்டு தையலில் ஒன்றும் தெரியாது. ஒரு வரிசையில் 15 சதுரம் இருந்தால் 14 தையல். ஒவ்வொரு தையலிலும் 1 மில்லிமீட்டர் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துண்டிலும் போவதால் 2 மி.மீ. குறையும். 14 தையலுக்கு 28 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்துக்கும் மேல். அடுத்த வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது. இழுத்துச் சேர்த்தால் நடுவில் புடைக்கும்.

மிஷின் பாதத்தின் ஓரம் கால் அங்குலம்தான் என்று நம்பிவிடாதீர்கள். ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் பண்ணுங்கள். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அகலம், கூடினால் ஒடுக்கம். சரியான இடம் கிடைத்ததும் ஊசித் தட்டின் மேல் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அந்தத் திண்டில் உரசிக்கொண்டே போகும். தையல் மடிந்து கவிழும்போது துணியின் தடிமன் கொஞ்சம் தின்னும். அதனால் தைப்பது கால் அங்குலத்துக்கு ஒரு நூல் உள்ளே இருப்பதே சரி.

அயர்ன் பண்ணும்போது பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையை வலப்பக்கம் சாயுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், பின் குத்தவே தேவையிருக்காது.

முக்கோணங்கள் ஏன் கோணலாகவே வருகின்றன?

குறுக்காக வெட்டிய ஓரம் கிராஸ், தொட்டாலே நீளும். முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைக்காதீர்கள். 6 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் இரண்டு நிறத்திலும் 7 அங்குலச் சதுரம் எடுத்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அப்புறம் கோட்டில் வெட்டுங்கள். இரண்டு சதுரம் கிடைக்கும். ஆறரைக்குச் செதுக்கிக்கொள்ளலாம். கோடு போடக் காய்ந்த சோப்புத் துண்டின் விளிம்பே போதும், ஒரே அலசலில் போய்விடும்.

வீட்டில் பழைய கருப்பு மிதி மிஷின்தான் இருக்கிறது. அதில் முடியுமா?

துண்டுகள் சேர்ப்பதற்கு அதைவிட நல்ல மிஷின் கிடையாது. நேர்த்தையல் மட்டும் போடுவதால் ஊசித் தட்டின் துளை சிறியது, துணி முனை உள்ளே இழுபடாது. துண்டு சேர்க்க 14ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 16ஆம் நம்பர், அங்குலத்துக்கு 8. பாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மேல் திருகை மூன்று அடுக்குக்குத் தளர்த்திவிட மறக்காதீர்கள்.

வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் மிஷின் பாதம்) வாங்குவதற்கு முன் ஊசியைப் பிடிக்கும் திருகைப் பாருங்கள். அந்த ஃபுட்டின் கவை அந்தத் திருகின் மேல் ஏறி உட்கார்ந்துதான் வேலை செய்யும். திருகு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் ஃபுட் மாட்டினாலும் நடக்காது.

டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) எப்போதும் அதே துணி, அதே பஞ்சில் 8 அங்குலத் துண்டு செய்து பார்த்த பிறகுதான் போர்வையில் கை வைக்க வேண்டும். அடிப்பக்கம் பாபின் நூல் நேர்கோடாகக் கிடந்து மேல் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு, இறுக்குங்கள். மேல்பக்கம் பாபின் நூல் எட்டிப் பார்த்தால் தளர்த்துங்கள்.

போடியில் இலவம்பஞ்சு எளிதாகக் கிடைக்கிறதே, நடுவில் அதை வைக்கலாமா?

இந்தப் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தலையணைக்கும் மெத்தைக்கும் இலவம்பஞ்சு அருமை. குவில்ட்டுக்கு வேண்டாம்.

பருத்தி இழை முறுக்கிக்கொண்டது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இலவம் இழை நேரானது, வழுவழுப்பானது, உள்ளே குழாய்போல் வெற்றிடம், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது, அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டுவதுமில்லை. தட்டையாகப் பரப்பி ஓட்டுத் தையல் போட்டால் இரண்டு துவைப்புக்குள் தையலுக்கு அடியில் நழுவி மூலையில் போய்க் கட்டியாகும். ஊசித் துளை வழியாகவும் வெளியே வரும். தைக்கும் அறை முழுக்கப் பறக்கும், முகத்தில் துணி கட்டாமல் வேலை செய்யக் கூடாது. அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது, சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

இலவம்பஞ்சுதான் வேண்டும் என்று மனசு வைத்துவிட்டால் முறையை மாற்றுங்கள். அடித்துணியையும் மேல்துணியையும் சேர்த்து 4 அங்குலச் சின்னப் பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் பஞ்சை அடைத்து வாயை மூடி, அந்தப் பைகளை வரிசையாகச் சேருங்கள். கனமான சாய்வு விரிப்பாக நன்றாகவே இருக்கும். துவைக்க வேண்டாம், வெயிலில் போட்டுத் தட்டினால் போதும்.

அப்படியென்றால் நடுவில் எதை வைப்பது?

போர்வை எந்த ஊரில் போர்த்தப்படும் என்பதைப் பொறுத்தது. கம்பம், தேனி போன்ற சமவெளிக்குப் பஞ்சே தேவையில்லை. ஒரு பழைய காட்டன் சேலை, அல்லது கேரளப் பக்கம் விற்கும் ஈரிழைத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்த ஓர் அடுக்கு போதும். ஈரிழைத் துண்டின் நெசவு இடைவெளி விட்டது. வியர்வை தங்காது, மழைக்காலத்திலும் ஒரு நாளில் காயும். விளிம்புகளை ஏற்றித் தைக்காமல் ஒட்டி வைத்துச் சேருங்கள், இல்லாவிட்டால் மேலே வரப்பு தெரியும்.

குமுளி, தேக்கடிக்கு 100 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்) பாலியெஸ்டர் பஞ்சு ஷீட். மெத்தைக் கடையிலும் கார் சீட் தைப்பவரிடமும் கிடைக்கும். மூணாறில் டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு 200. ஷீட் வாங்கும்போது இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். பிய்ந்து நூல் நூலாக வந்தால் அது ஊசி அடித்துப் பிணைத்த ஷீட் அல்ல, வேண்டாம். நன்றாகப் பிணைந்த ஷீட்டுக்குத் தையல் கோடுகள் 6 அங்குலம் தள்ளி இருக்கலாம். அடித்த பருத்திப் பஞ்சை நேரடியாகப் பரப்பினால் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு கட்டாயம்.

கறுப்பு, கரும்பச்சை மேல்துணியில் வெள்ளை இழை முளைத்து வந்தால் காரணம் பாலியெஸ்டர் ஷீட்டும் நெருக்கமில்லாத நெசவும் சேர்ந்தது. வந்த பிறகு தடுக்க வழியில்லை. இழையை இழுக்காதீர்கள், பின்னாலேயே இன்னும் வரும், ஒட்டக் கத்தரியுங்கள்.

துணி வாங்க எங்கெல்லாம் போகலாம்?

ஊருக்கொரு துணிக் குணம். அதைத் தெரிந்து போனால் பை நிறையும், வீண் செலவு குறையும்.

ஆண்டிபட்டி பக்கம் டி.சுப்புலாபுரம், சக்கம்பட்டியில் தறிக் காட்டன் சேலைகள். நெசவு நெருக்கம், கட்டமும் கோடும் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தவை, இரண்டு பக்கமும் ஒரே நிறம். குவில்ட்டுக்கு முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கட்டத் துணியில் கோட்டைப் பார்த்தே வெட்டலாம், ஆனால் பாவில் (நீள நூலில்) இருக்கும் கட்ட அளவும் ஊடையில் (குறுக்கு நூலில்) இருக்கும் கட்ட அளவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. சதுரம் என்று நினைத்து வெட்டினால் செவ்வகம் வரும். ஸ்கேல் வையுங்கள்.

திண்டுக்கல்லை ஒட்டிய சின்னாளப்பட்டி சுங்குடிக்குப் பெயர் பெற்றது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும், அச்சடித்ததில் ஒரே மாதிரி இருக்கும், பின்பக்கம் வெளுத்திருக்கும். இரண்டையும் பயன்படுத்தலாம், சாயச் சோதனை இரண்டுக்கும் தேவை. அங்கே செயற்கைப் பட்டும் ஓடுகிறது. பாலியெஸ்டரோ என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு நூல் உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

மதுரையில் ஊசி, நூல், லேஸ், பட்டன் வாங்கப் புதுமண்டபத்துக்குப் போகப் பழகியவர்கள் குன்னத்தூர் சத்திரத்தில் தேடுங்கள், கடைகள் பல அங்கே மாறியிருக்கின்றன. துணிக்கு விளக்குத்தூண் பக்கம். போடியிலிருந்து மதுரைக்கு அகல ரயில் பாதையில் 2023 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியபின், துணி மூட்டையோடு பஸ் மாறும் சிரமம் இல்லை. ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்டின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் நடப்பது. மொத்தமாக அடித்துணி வாங்க மட்டும் அங்கே போகலாம்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இரண்டு நெசவூர்கள். திருச்சூர் மாவட்டம் திருவில்வாமலை பக்கத்தில் குத்தாம்புள்ளி, லக்கிடி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றைக் கடந்தால் எளிது. அங்கே நெய்பவர்கள் தேவாங்கச் செட்டியார்கள். இன்னொன்று திருவனந்தபுரம் நாகர்கோவில் சாலையில் இருக்கும் பாலராமபுரம். இரண்டிலும் வெளுக்காத சந்தன நிறத் துணிதான் முக்கியம், ஒட்டுத்துணிக்குப் பின்னணியாக அதற்கு ஈடு எதுவுமில்லை. வேட்டி, முண்டாக வாங்காமல் கரையில்லாத மீட்டர் துணி கேளுங்கள். மூணாறில் சிருஷ்டி அறக்கட்டளையின் ஆரண்யா இயற்கைச் சாயப் பிரிவு இருக்கிறது. அந்த வகைத் துணிக்கு வெந்நீரும் கடும் சோப்பும் ஆகாது, அதனால் தினமும் புழங்கும் போர்வையில் வேண்டாம், சுவரில் தொங்கவிடுவதற்கு வையுங்கள்.

திருப்பூர் பனியன் கட் பீஸ் மலிவு என்று மூட்டையாக வாங்கி வராதீர்கள். பின்னல் துணி நீளும். பின்னால் ஃப்யூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) ஒட்டாமல் சதுரமாகவே நிற்காது.

கேரளத் துணியின் கசவுக் கரையை (ஜரிகைக் கரையை) எப்படிச் சேர்ப்பது?

கரையைத் தனியாக வெட்டி எடுத்து, போர்வையின் கால்மாட்டுப் பக்கமோ வெளி வரிசையிலோ வையுங்கள். கழுத்து, கன்னம் படும் இடத்தில் ஜரிகை குத்தும். ஜரிகைக்கு நேர் மேலே தையல் ஓட்டினால் ஊசி ஜரிகை இழையை அறுக்கும், இழை சுருண்டு நிற்கும். கரையை ஒட்டி வெளியே தையுங்கள். அயர்னைப் பின்பக்கமிருந்து, மேலே ஒரு துணி போட்டு, மிதமான சூட்டில்.

புதுத் துணியை நனைத்துத்தான் வெட்ட வேண்டுமா? கஞ்சி இருந்தால் வெட்ட வசதியாக இருக்கிறதே?

நனைத்தே ஆக வேண்டும். கைத்தறியில் கஞ்சி ஏற்றித்தான் நெய்கிறார்கள், கேரளத் துணியில் இன்னும் அதிகம். கஞ்சி போகும்போதுதான் துணி தன் உண்மையான அளவுக்கு வரும். வாங்கிய ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் 10 × 10 அங்குலக் கட்டம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து, இரவு முழுக்க ஊற வைத்து, அலசி, காய வைத்து, அயர்ன் பண்ணி அளந்து பாருங்கள். ஒன்று ஒன்பதரை ஆகியிருக்கும், இன்னொன்று ஒன்பதே முக்காலில் நிற்கும். இந்த இரண்டையும் நனைக்காமல் சேர்த்துத் தைத்திருந்தால் முதல் துவைப்பில் ஒன்று இழுக்க, இன்னொன்று சுருங்கி நிற்கும். ஒன்பதரைக்கும் கீழே போன துணியை மறுபடி நனைத்துக் காயவைத்து அளந்த பிறகே எடுங்கள்.

வெட்டும்போது விறைப்பு வேண்டுமென்றால் காய்ந்த பிறகு நீங்களே நீர்த்த கஞ்சி தெளித்து அயர்ன் பண்ணிக்கொள்ளுங்கள். முடித்ததும் முதல் துவைப்பிலேயே கஞ்சியை எடுத்துவிட வேண்டும், வெள்ளிமீன் பூச்சி கஞ்சியைத்தான் தேடி வரும்.

கல் உப்பில் ஊற வைத்தால் சாயம் நிற்குமா?

நிற்காது. சாயத் தொட்டியில் உப்பு போடுவது ரியாக்டிவ் என்ற பருத்திச் சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு. சாயமேற்றி முடித்த துணிக்கு வீட்டு உப்பு ஒன்றும் செய்யாது. வினிகர் பட்டு, கம்பளிச் சாயத்தோடு சேர்ந்தது, பருத்திக்கு உதவாது.

கழன்று வருவது நூலில் பிடிக்காமல் மேலே தங்கிய சாயம். அதை வெளியேற்றுவதுதான் வழி. கை பொறுக்கும் வெந்நீரில் திரவ சோப்போடு தனியாக ஊற வைத்து, நீர் தெளியும் வரை மாற்றுங்கள். பிறகு ஈரத் துணியை வெள்ளைத் துணி மேல் வைத்து அயர்ன் பண்ணிப் பாருங்கள். நாலு முறை அலசியும் கறை விழுந்தால் அந்தத் துணியைச் சந்தன நிறத்தோடு சேர்க்காதீர்கள். கருஞ்சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் இப்படி.

தைத்து முடித்த போர்வையில் சாயம் பரவிவிட்டதா? காயவிடாதீர்கள், அயர்ன் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பெரிய அண்டாவில் அல்லது டிரம்மில் 60 டிகிரி வெந்நீர், திரவ சோப்பு, போர்வை முழுக்க மூழ்கி மிதக்கும் அளவு தண்ணீர், 12 மணி நேரம். நீர் நிறம் மாறினால் திரும்ப ஒரு முறை. தண்ணீர் குறைவாக இருந்தால் சாயம் மறுபடி துணியிலேயே போய் உட்காரும். கசவும் இயற்கைச் சாயமும் உள்ள போர்வைக்கு இந்த முறை கூடாது.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது பின்பக்கம் சுருக்கம் விழுகிறது. என்ன செய்வது?

மிஷின் பல் அடித்துணியை முன்னே இழுக்கிறது, பாதம் மேல்துணியைப் பின்னே பிடிக்கிறது. நடுவில் பிடிமானம் போதாவிட்டால் சுருக்கம்தான். அடித்துணியைத் தரையில் நல்ல பக்கம் கீழாக விரித்து, எதிரெதிர்ப் பக்கமாக டேப் ஒட்டுங்கள். இழுபடக் கூடாது, தொய்யவும் கூடாது. பஞ்சை நடுவிலிருந்து வெளியே தடவி விடுங்கள். அதன் மேல் மேல்துணி. 4 அங்குலத்துக்கு ஒரு சேஃப்டி பின் என்றால் 60 × 90க்கு 300க்கு மேல் வேண்டும். அதற்குப் பதில் வெள்ளை நூலில் 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை நீளமான ஓட்டுத் தையல் கையால் போட்டுவிடலாம், பின்னைவிட நன்றாகப் பிடிக்கும், மிஷினில் தட்டாது. நடு வரிசையில் தொடங்கி வெளியே போங்கள். மிஷின் தையலும் நடுவிலிருந்துதான்.

போர்வையின் கனம் மேசையிலிருந்து தொங்கி இழுத்தாலும் தையல் கோணும். இடப்பக்கம் இன்னொரு ஸ்டூலோ கட்டிலோ இழுத்துப் போட்டுத் தாங்க வையுங்கள்.

ஓரப் பட்டிக்குக் கிராஸ் துணிதான் வெட்ட வேண்டுமா?

தையல் கடைப் பழக்கத்தில் எல்லாரும் கிராஸ் வெட்டுகிறார்கள். நேர் ஓரத்துக்கு அது தேவையில்லை. நீண்டு அலை அலையாக நிற்கும். வளைவு ஓரத்துக்கு மட்டும் கிராஸ். இரண்டரை அங்குல நேர்ப் பட்டை 8, முனைகளைச் சாய்வாகச் சேர்த்தால் 60 × 90க்குப் போதும், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான துணி. நீளவாக்கில் இரண்டாக மடித்து, வெட்டு ஓரங்களை மேல்பக்க விளிம்போடு வைத்து, தொடக்கத்தில் 10 அங்குலம் விட்டுவிட்டுத் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, உடனே கீழே இறக்கி, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பின்னால் திருப்பி ஹெம்மிங்.

பயணத்தில் தைக்க என்ன எடுத்துப் போகலாம்?

அறுகோணம். 1 அங்குலப் பக்கமுள்ள அறுகோணங்களைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள், ஒற்றை அட்டையாக இருக்கட்டும். இரண்டே முக்கால் அங்குலச் சதுரத் துணியில் அட்டையை வைத்து, ஓரத்தை மடித்துப் பெரிய தையலில் பிடியுங்கள். பிறகு இரண்டு அறுகோணத்தை முகத்தோடு முகம் வைத்து, அங்குலத்துக்கு 12, 15 தையலாக விளிம்பைச் சேருங்கள். ஆறு பக்கமும் சேர்ந்த பிறகே அட்டையை எடுக்க வேண்டும். 16 அங்குலக் குஷன் உறைக்கு சுமார் 110 போதும். கட்டில் போர்வைக்கு 2,000க்கு மேல் என்பதால் முதலில் குஷனே நல்லது. குமுளி, போடிமெட்டு மலைப்பாதையில் பஸ் வளையும்போது ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். விமானத்தில் கத்தரியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் அனுமதியில்லை.

நம் நாட்டிலேயே ஒட்டுப்போர்வை மரபைப் பார்க்க எங்கே போகலாம்?

வட கர்நாடகத்தில் ஹளியாள், எல்லாபூர் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். பழந்துணிதான், பஞ்சு இல்லை, நம் சமவெளிக்கு நேரடியாகப் பொருந்தும் முறை. ஆந்திரப் பக்கம் பொந்த, மகாராஷ்டிரத்தில் கோதடி, வங்காளத்தில் காந்தா. நேரில் பார்க்கும்போது பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், வேலை அங்கேதான் தெரியும்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது?

பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் கறுப்புப் புள்ளி விழும். பழைய தலையணை உறைக்குள் வைத்து, மரப் பலகையில் நேரடியாகப் படாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். குமுளி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைக்கவே வேண்டாம். தேனி பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தவிர்க்கலாம். 200 ஜிஎஸ்எம் பஞ்சு வைத்த ஒற்றைப் போர்வை உலர்ந்த நிலையில் ஒன்றரைக் கிலோ வரும், தண்ணீர் குடித்தால் கொடி தாங்காது. இரண்டு கொடிக்கு நடுவே தொட்டில்போல் விரித்து நிழலில் காயவிடுங்கள். ஒற்றைக் கொடியில் தொங்கினால் கை வேலைத் தையல் அறுந்துவிடும்.

மேல்துணி மட்டும் நான் சேர்த்துவிட்டு, மீதியைக் கடை டெய்லரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மூன்று அடுக்கையும் நீங்களே விரித்து ஓட்டுத் தையல் போட்டு, எந்தக் கோட்டில் தைக்க வேண்டும் என்பதைச் சோப்பால் வரைந்து கொடுங்கள். அங்குலத்துக்கு 8 தையல், நடுவிலிருந்து வெளியே, வெட்டு ஓரத்தை ஓவர்லாக் பண்ண வேண்டாம் என்று மூன்றையும் வாயால் சொல்லுங்கள். ஓவர்லாக் போட்டால் விளிம்பு சுருங்கும், பட்டி உட்காராது.